வாளியில் என்ன இருந்தது?

குபெர்டினோவில் இருக்கும் கார்த்திக் என்ற பிள்ளைதான் எங்கள் தமிழ் மன்ற மலருக்கு ஆசிரியர். போன மாதம் போன் பண்ணினான்.

"ஆன்ட்டி, நீங்க ரஷ்யா எக்ஸ்பெர்ட். அங்க இருக்கிற ஆட்சியில ஜனங்க ஏன் இவ்ளோ வெறுத்துப் போயிருக்காங்கன்னு ஒரு ஆர்ட்டிகிள் எழுதிக் குடுங்க. காரணங்கள நம்பர் போட்டு எழுதிட்டீங்கன்னா படிக்கிறவங்களுக்கு ஈஸி."

"நான் எக்ஸ்பெர்ட் இல்லப்பா. அடுத்தவங்க சொன்னதத் திருப்பிச் சொன்னவ."

"அதையே எழுதுங்க ஆன்ட்டி. நம்பர் மட்டும் போட்டுடுங்க."

நம்பர் போட எனக்கு வராது. ரஷ்யாவிலிருந்து ஓடி வந்து இங்கே அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டவர்களுக்காக நான் வருடக்கணக்கில் மொழிபெயர்த்தேன். அவர்கள் என் வாயால்தான் அழுதார்கள், என் வாயால்தான் சண்டை போட்டார்கள். ஒருவர்கூடக் காரணம் ஒன்று, காரணம் இரண்டு என்று பேசியதில்லை. ஒருத்தி ஒரு வாளியைப் பற்றிப் பேசினாள். அதை எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

நான் தூத்துக்குடிக்காரி. சோவியத் யூனியன் என்று ஒரு நாடு இருந்த கடைசிக் காலத்தில் அங்கே போய் டாக்டருக்குப் படித்தேன். முதல் வாய்மொழித் தேர்வில் பேராசிரியர் பேசப் பேச, நான் மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். 'சரி சார்', 'புரியுது சார்', 'மேல சொல்லுங்க சார்' எல்லாவற்றுக்கும் நம் ஊரில் ஒரே ஆட்டம்தானே? தோளுக்குத் தோள் தலையைச் சாய்த்து ஒரு ஆட்டு. மனுஷன் பாதியில் நிறுத்திவிட்டு, "இந்தப் பொண்ணு நான் சொல்றது எதையுமே ஒத்துக்க மாட்டேங்குது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் புலம்பினார். பயந்துபோய் பாஸ் போட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். நானும் சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

பிறகு கல்யாணம், லிவர்மோர், ஜோசப்புக்கு சிப் கம்பெனி வேலை, இரண்டு குழந்தைகள். இங்கே டாக்டராக மறுபடியும் முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும். புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வரும். கடைசியில் மருத்துவம் போயே போய்விட்டது, ரஷ்ய மொழி மட்டும் நாக்கில் தங்கிவிட்டது. அதை வைத்துப் பிழைக்கலாம் என்று சொன்னவள் லுட்மிலா.

லுட்மிலாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு டோனட் கடைக்கு மேலே, மாடியில், மொழிபெயர்ப்பாளர் ஏஜென்சி நடத்தினாள். மாஸ்கோவில் ஏதோ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவள். அந்த நிலையத்தின் இயக்குநர் ஜன்னலைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தாராம். கோடையில் அறையே வெந்துபோகும். "மூச்சு விடுறதுக்கு ஒருத்தன்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா?" என்று அவள் சண்டை போட்டாள். சண்டை பெரிதாகி வேலை போய், விசாரணை வந்து, கடைசியில் நாட்டையே விட்டு வந்துவிட்டாள். இந்தக் கதையை வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்வாள். சொல்லி முடித்ததும் சுவரைக் காட்டுவாள். அங்கே ஏஜென்சியின் விதிகள் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். அதில் முதல் விதி: ஜன்னலைத் திறக்கக் கூடாது.

டோனட் கடையின் எண்ணெய் வாடை உள்ளே வந்துவிடுமாம். நான் கேட்டுப் பார்த்தேன்.

"லுட்மிலா, மூச்சு முட்டுது. கொஞ்ச நேரம் தொறக்கட்டுமா?"

"அங்க ஜன்னல் அவன் வசதிக்காக மூடியிருந்துச்சு. இங்க உங்க நல்லதுக்காக மூடியிருக்கு."

ஆலோசனைப் பெட்டி ஒன்றும் வைத்திருந்தாள். அது அவள் மேஜை மேலேயே இருந்தது. நாம் சீட்டைப் போட்ட கையோடு எடுத்து, நம் எதிரிலேயே படித்து, "இது நல்ல ஆலோசனை இல்ல" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் பழைய சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கார் நிறுத்துமிடத்தில்தான் முணுமுணுப்பார்கள். மாடிப்படியில் லுட்மிலாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். கலிஃபோர்னியாவில் வானிலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? "இன்னிக்கும் வெயில்" என்பார் ஒருவர். "ஆமா, நேத்து மாதிரியே" என்பார் இன்னொருவர்.

ஆனால் தொழிலைச் சொல்லிக் கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எதிரில் உட்கார வைத்து, கேட்டால் கல்லும் கரையும் கதை ஒன்றைச் சொல்வாள். நம் புருவம் இம்மி அசைந்தாலும் தேக்கரண்டியால் மேஜையில் ஓங்கி அடிப்பாள். "மூஞ்சி!" என்று கத்துவாள். மொழிபெயர்ப்பாளருக்கு மூஞ்சி கிடையாது, இருமல் கிடையாது, கண்ணீர் கிடையாது. கை மடியில் இருக்க வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. மனுதாரர் தப்பாகப் பேசினால் தப்பாகவே மொழிபெயர்க்க வேண்டும். தலையைப் பற்றி மட்டும் அவள் எதுவும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மனசு ஒத்துப்போனால்தான் என் தலை ஆடும். லுட்மிலா சொன்ன எதையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. அதனால் அவள் முன்னால் என் தலை ஆடியதே இல்லை.

எல்லாவற்றையும்விட விசித்திரமான விதி, எப்போதும் 'நான்' என்றே மொழிபெயர்க்க வேண்டும் என்பது. 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. "நான் முன்னாள் மல்யுத்த வீரன், மூன்று முறை விவாகரத்து ஆனவன்" என்று புடவை கட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறேன். "என் தாடியைப் பிடித்து இழுத்தார்கள்" என்று ஒரு பாதிரியாருக்காகச் சொல்லியிருக்கிறேன். நானாக ஏதாவது பேச வேண்டியிருந்தால், என்னையே மூன்றாம் மனுஷியாக்கி, "மொழிபெயர்ப்பாளர் சொல்ல விரும்புவது" என்று தொடங்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் ஜோசப் வாசலிலேயே கேட்பார்: "இன்னிக்கு யாரு வந்திருக்கா? மல்யுத்த வீரனா, ஜெசிந்தாவா? சோறு எவ்வளவு வைக்கணும்னு தெரியணும்லா."

இப்படி நான் 'நான்' என்று சொன்ன கதைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒருவர் தன் தெருக் குழியை மூடச் சொல்லி மனுப் போட்டுப் போட்டுச் சலித்துப்போய், அந்தக் குழியில் முட்டைக்கோஸ் நட்டார். கோஸ் நன்றாக விளைந்தது. அரசாங்கத்தை இழிவுபடுத்தினார் என்று வழக்கு. இன்னொரு சங்கீத டீச்சர், வாக்குச் சாவடியில் இருந்த பேனாவைக் கையில் எடுத்து, "இது எழுதுமா?" என்று கேட்டுவிட்டார். தேர்தல் மேல் சந்தேகத்தைக் கிளப்பினார் என்று அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இங்கே அடைக்கல மனுவை விசாரிக்கும் அதிகாரி கேட்பார்: "உங்கள் அரசியல் கருத்து என்ன?" அந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "ஐயோ, அரசியலா? எனக்கு அதெல்லாம் கிடையாது. நான் ரோட்டத்தான் கேட்டேன்." அதைச் சொல்லும்போது, ஒட்டுக் கேட்கும் கருவி ஏதாவது இருக்குமோ என்று அறையின் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொள்வார்கள். குரல் தானாக இறங்கும். நானும் விதிப்படி குரலை இறக்கி மொழிபெயர்ப்பேன். அதிகாரி, "கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்" என்பார்.

இனி தமாரா.

தமாரா ஒரு சின்ன ஊரில் பாலர் பள்ளிச் சமையல்காரி. ஐம்பது வயதைத் தாண்டியவள். தடித்த கை, சிவந்த முகம். வக்கீல் இல்லாமல் வந்திருந்தாள். அவள் ஊருக்குத் திரும்பினால் விமான நிலையத்திலேயே பிடித்து சிறையில் போடுவார்கள், வழக்குத் தயாராக இருந்தது. அன்று அந்த அறையில் அவள் சொல்வதை அதிகாரி நம்பினால் இங்கே இருக்கலாம். நம்பாவிட்டால் இங்கே ஒரு நீதிபதி முன்னால் போய் நிற்க வேண்டும், அவரும் நம்பாவிட்டால் விமானம்தான். அவ்வளவுதான் விஷயம்.

வழக்கமாக மனுதாரரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். இருவர் முகமும் அதிகாரியைப் பார்த்திருக்கும். அன்று எங்களுக்குக் கிடைத்தது குறுகலான ஒரு புது அறை. நாற்காலியை வேறு மாதிரி போட இடமில்லை. தமாராவுக்கு நேர் எதிரே, அதிகாரிக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். அதிகாரி டேல் நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார், எல்லாவற்றையும் இரண்டு விரலால் தட்டச்சு செய்வார். மேஜை மேல் ஒரு ஸ்பீக்கர் போன். அதன் மறுமுனையில் அரசாங்கம் அமர்த்திய ஒரு கண்காணிப்பாளர் இருப்பார். அவருக்கும் ரஷ்ய மொழி தெரியும். நான் சரியாக மொழிபெயர்க்கிறேனா என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. எங்கிருந்து பேசுகிறார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் எங்களைத் தெரியாது.

எல்லோரும் வலது கையைத் தூக்கி சத்தியம் செய்தோம். தமாரா தொடங்கினாள்.

அவள் ஊரில் குளிர்காலத் தொடக்கத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. பழுது பார்த்தாகிவிட்டது என்று நகராட்சி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிவிட்டது. மேலிடமும் பாராட்டிவிட்டது. ஆகவே தண்ணீர் வருகிறது. ஆகவே தண்ணீர் வரவில்லை என்று சொல்வது பொய்ச் செய்தி பரப்பும் குற்றம். தமாரா பனிக்கட்டியை உருக்கிப் பிள்ளைகளுக்கு சூப் வைத்தாள். வசந்தம் வந்ததும் மேயர் ஊர் நடுவில் ஒரு நீரூற்றைத் திறந்துவைக்க வருவதாக அறிவிப்பு வந்தது. ஆமாம், நீரூற்று. அதற்கு மட்டும் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியிருந்தார்கள்.

"அப்போ நாங்க பொம்பளைங்க எல்லாரும் காலி வாளியை எடுத்துக்கிட்டு மேயர் வர்ற ரோட்டுல போய் நின்னோம்" என்றாள் தமாரா.

எனக்குப் புல்லரித்துவிட்டது. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் தண்ணீர் வராவிட்டால், பெண்கள் காலிக் குடங்களை நடு ரோட்டில் வரிசையாக வைத்து உட்கார்ந்துவிடுவார்கள். என் அம்மா முன்வரிசை. பஸ் நிற்கும், தாசில்தார் ஓடி வருவார், சாயங்காலத்துக்குள் தண்ணீர் லாரி வரும். அட, இவள் நம்ம ஆளு! மனசு துள்ளியது. வாய் விதிப்படி மொழிபெயர்த்தது. மூஞ்சி விதிப்படி கல்லாக இருந்தது. தலை மட்டும் 'அப்படித்தான், சொல்லு சொல்லு' என்று தோளுக்குத் தோள் ஆடத் தொடங்கியிருக்கிறது. அது எனக்குத் தெரியவே தெரியாது.

தமாரா என்னைப் பார்த்தாள். நிறுத்தினாள்.

"நிக்கல" என்றாள். "சும்மா அந்தப் பக்கமா நடந்து போனோம்."

டேல் நிமிர்ந்தார். "மனுவில் நின்றதாக எழுதியிருக்கிறீர்களே?"

"எழுதும்போது நின்ன மாதிரி தோணுச்சு."

ஐயோ, இந்த அம்மா ஏன் மாற்றிப் பேசுகிறாள்? நல்லாத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்? தைரியம் கொடுப்போம் என்று தலை இன்னும் அன்பாக ஆடியிருக்க வேண்டும்.

"வாளியில் என்ன இருந்தது?" என்று டேல் கேட்டார்.

தமாரா என் தலையையே பார்த்தாள். நான் மனசுக்குள், 'காலின்னு சொல்லு தாயே, காலி வாளிதானே உன் கேஸே' என்று மன்றாடிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளரிக்காய்" என்றாள்.

"வெள்ளரிக்காய்" என்று நான் மொழிபெயர்த்தேன்.

"மொழிபெயர்ப்பு சரி" என்றது போன்.

"வாளி காலியாக இல்லையா?"

"நிறைய வெள்ளரிக்காய். நல்ல விளைச்சல் அந்த வருஷம்."

"வசந்த காலத்திலா?"

தமாரா விழித்தாள். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. நான் சத்தியம் செய்திருக்கிறேன். ஒரு பெண் என் கண்ணெதிரில், என் வாயாலேயே தன்னைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள், நான் ஒரு சொல்லும் பேச முடியாது. பதறப் பதறத் தலை வேகமாக ஆடியது. வேகமாக ஆட ஆட அவள் அவசரமாகப் பின்வாங்கினாள்.

"உங்கள் ஊரில் தண்ணீர்ப் பிரச்சினை இருந்ததா?"

"தண்ணியா? அருமையான தண்ணி."

"மேயர்?"

"தங்கமான மனுஷன்."

"அப்படியானால் உங்களுக்குக் குறை எதுவும் இல்லை?"

"ஒரு குறையும் இல்ல. நீரூற்று ரொம்ப அழகு."

"மொழிபெயர்ப்பு சரி" என்றது போன்.

டேல் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். அடைக்கலம் கேட்டு வந்த ஒருத்தி, தான் தப்பி ஓடி வந்த மேயரை இவ்வளவு மனதாரப் புகழ்ந்து அவர் பார்த்திருக்க மாட்டார். "பிறகு எதற்கு இங்கே வந்தீர்கள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

தமாரா கைகளைக் கூப்புவது போல மார்பில் வைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள். அதையும் நான் 'நான்' என்றே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"ஐயா, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இந்தப் பெரிய அம்மா, நான் வாயைத் திறந்ததிலிருந்து 'வேண்டாம், சொல்லாதே' என்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், இன்னும் ஆட்டுகிறார். நான் எதைச் சொல்லலாம் என்று தயவுசெய்து அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

என் வாயால் என்னைப் பற்றியே புகார் சொல்லி முடித்தேன்.

"மொழிபெயர்ப்பு சரி" என்றது போன்.

அடப்பாவி தலையே! அந்த நிமிஷம் தரை பிளந்து உள்ளே போய்விடலாமா என்றிருந்தது. சோவியத் பேராசிரியர் வேறு நினைவுக்கு வந்து தொலைத்தார். டேல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "மொழிபெயர்ப்பாளர் சொல்ல விரும்புவது, மொழிபெயர்ப்பாளரின் தலை மொழிபெயர்ப்பாளரின் கட்டுப்பாட்டில் இல்லை. அவர் ஊரில் இதற்கு 'ஆமாம், மேலே சொல்லுங்கள்' என்று அர்த்தம்" என்றேன்.

"ஆட்டிக் காட்டுங்கள்" என்றார் டேல்.

ஆட்டினேன்.

"இது 'ஆமாம்'. 'இல்லை' எப்படி இருக்கும்?"

ஆட்டினேன்.

"எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது."

"கண்காணிப்பாளர் குறிப்பிட விரும்புவது" என்று போன் குறுக்கே வந்தது, "கண்காணிப்பாளருக்குத் தலை தெரியவில்லை. ஆகவே தலை சரியாக ஆடுகிறதா என்று உறுதி செய்ய முடியாது."

டேல் அதையும் இரண்டு விரலால் தட்டச்சு செய்தார். பிறகு தமாராவுக்கு நிதானமாக விளக்கினார். இந்த அம்மா இந்தியாவிலிருந்து வந்தவர், அரசாங்க அதிகாரி இல்லை, அவர் தலைக்கு எந்த அதிகாரமும் இல்லை. என் தலைக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதை நானே அவளுக்கு ரஷ்ய மொழியில் சொன்னேன். சொல்லும்போது தலை ஆடியது. தமாரா இன்னும் மிரண்டாள்.

கடைசியில் டேல் எழுந்து வந்து என் நாற்காலியைப் பிடித்து, சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் போல நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். டாக்டருக்குப் படித்தவள் நான். அவருக்கோ என் மகன் வயது. தலை குனிந்துகொண்டதால் தமாராவுக்கு என் கொண்டை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

எனக்குப் பின்னால் அவள் மறுபடி பேசத் தொடங்கினாள்.

"வாளி காலி" என்றாள்.

"வாளி காலி" என்று சுவரிடம் சொன்னேன்.

"வாளியின் மேல் ஏதாவது எழுதியிருந்ததா?" இது டேல்.

"ஒண்ணும் எழுதல. எதுக்கு எழுதணும்? எல்லாருக்கும் தெரியுமே."

அவர்கள் ஊரில் காலி வாளியோடு ஒரு பெண் எதிரே வந்தால் அபசகுனமாம். இதைக் கேட்டு எனக்கு மறுபடி புல்லரித்தது, நல்ல வேளையாக சுவர் எதையும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கையில் ஜெபமாலையோடு பூசைக்குக் கிளம்பும் என் மாமியாரே காலிக்குடம் எதிரே வந்தால் வீட்டுக்குள் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவார். மேயரின் டிரைவர் வரிசையாக நின்ற வாளிகளைப் பார்த்ததும் பிரேக் போட்டு வண்டியைத் திருப்பிவிட்டான். நீரூற்று திறக்கப்படவில்லை. பெண்கள் கூட்டாகத் திட்டமிட்டு மேயருக்குக் கெட்ட நேரத்தை உண்டாக்கினார்கள் என்று போலீஸ் எழுதியது. தமாராவை லாக்கப்பில் வைத்து, வாளியைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டது. வெளியே வந்தவள், வாளி இல்லாததால், சூப் வைக்கும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு மறுபடி போய் நின்றாள். இரண்டாவது தடவை என்றால் சிறை, பிடிக்க வருவதற்குள் நாட்டை விட்டு ஓடி வந்துவிட்டாள்.

டேல் ரொம்ப நேரம் தட்டச்சு செய்தார். பிறகு, கேட்பாரோ மாட்டாரோ என்று நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். "முதலில் ஏன் மாற்றிச் சொன்னீர்கள்? என்னைப் பார்த்துப் பேசாமல் ஏன் அவரைப் பார்த்துப் பேசினீர்கள்?"

"எங்க ஊர்ல அதிகாரி சிரிச்சுக்கிட்டேதான் கேப்பாரு ஐயா. பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க தலையைத்தான் நாங்க பாக்கணும். பள்ளிக்கூடக் கூட்டத்துல, ஆஸ்பத்திரியில, ஓட்டுப் போடற இடத்துல, எங்கயும் அப்படித்தான். தலை ஆடுச்சுன்னா, நடந்தது நடக்கலைன்னு சொல்லணும். எனக்கு இது வாழ்நாள் பழக்கம். இங்க வந்தா விட்டுடும்னு நெனச்சேன்."

இதை மொழிபெயர்க்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. லுட்மிலா இருந்திருந்தால் தேக்கரண்டி பறந்திருக்கும். நான் சுவரைப் பார்த்திருந்ததால் என் கண்ணீரை யாரும் பார்க்கவில்லை. டேலின் விரல்கள் நின்றுவிட்டன. முன்பின் தெரியாத ஒருத்தியின் தலை ஆடியதற்கே ஒரு மனுஷி தண்ணீரில்லாத ஊரில் அருமையான தண்ணீர் என்று சொல்கிறாள் என்றால், அந்த ஊரைப் பற்றி அதற்கு மேல் யார் என்ன விளக்க வேண்டும்?

தம்பி கார்த்திக், காரணம் கேட்டாயே, எனக்குத் தெரிந்த காரணம் அவ்வளவுதான். வேண்டுமானால் அதற்கு ஒன்று என்று நம்பர் போட்டுக்கொள்.

"மொழிபெயர்ப்பு சரி" என்றது போன். கொஞ்சம் கழித்து, விதியில் இல்லாதபடி, "ரொம்பச் சரி" என்றது.

மறுநாள் லுட்மிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்து எழுதி சுவரில் ஒட்டினாள்: மொழிபெயர்ப்பாளருக்குத் தலை கிடையாது. அன்று கார் நிறுத்துமிடத்தில் வானிலையைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தீர்ப்பு வரும்வரை ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கத்தோலிக்கக் குடும்பம் என்றாலும் லிவர்மோர் கோயிலின் புளியோதரைக்கு எங்கள் வீட்டில் என்றுமே மறுப்புக் கிடையாது, ஜோசப் அதை வாங்கி வந்தும் நான் தொடவில்லை. "உன் தலைக்கு ஒரு வக்கீல் வைப்போமா?" என்று கிண்டல் பண்ணினார். "உங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

சில வாரங்கள் கழித்து ஏஜென்சி மாடிப்படியில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் தமாரா. கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி.

"குடுத்துட்டாங்க" என்றாள். அடைக்கலம் கிடைத்துவிட்டது.

வாளியை என் மடியில் வைத்தாள். எட்டிப் பார்த்தேன். உப்பில் ஊறிய வெள்ளரிக்காய், விளிம்புவரை. "பொய் சொன்னேன்னு இருக்கக் கூடாதுல்ல" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் மரியாதைக்குக் கேட்டு வைத்தேன்: "வீடெல்லாம் எப்படி இருக்கு? தண்ணி வருதா?"

தமாரா வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். கூரையைப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த லுட்மிலாவின் தலையைப் பார்த்தாள். அது கல் மாதிரி இருந்தது. மூஞ்சியில் ஒன்றுமே இல்லை. அடுத்து என் தலையைப் பார்த்தாள்.

சுவரில் புது விதி ஒட்டியிருக்கிறது. போகட்டும் என்று நான் தலையை நன்றாக, தூத்துக்குடி முழுக்கத் தெரிகிற மாதிரி ஆட்டினேன்.

தமாராவின் முகம் மலர்ந்தது. "இதுக்கு 'சொல்லு'ன்னுதானே அர்த்தம்?" என்றாள்.

சொன்னாள் பாருங்கள்! வாடகை வீட்டில் வெந்நீர் வருவதில்லை. வீட்டுக்காரன் போனை எடுப்பதில்லை. பஸ் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. இந்த ஊர் ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கிறது. தக்காளிக்கு வாசனையே இல்லை. பக்கத்து வீட்டு நாய் சரியில்லை. ஆளுநர் சரியில்லை. குரல் ஏறிக்கொண்டே போனது. கூரையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கடைசியில் நேராக லுட்மிலாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"இந்த ரூம்ல ஏம்மா ஜன்னலத் தொறக்கல? மனுஷன் மூச்சு விட வேணாமா?"

அறையில் இருந்த எல்லோரும் மேஜைக்கு அடியில் எதையோ தேடத் தொடங்கினார்கள். லுட்மிலா முதல் விதியைப் பார்த்தாள். தமாராவைப் பார்த்தாள். எழுந்து போய் ஜன்னலைத் தள்ளினாள். அது நகரவில்லை. வருடக்கணக்காக மூடிக் கிடந்ததில் இறுகிப்போயிருந்தது. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், தமாரா நடுவில் நின்று மூன்று பேரும் தம் கட்டித் தள்ளினோம். படாரென்று திறந்துகொண்டது.

காற்று உள்ளே வந்தது. தமாரா கண்ணை மூடி ஆழமாக மூச்சை இழுத்தாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"சே, என்ன இது, ஒரே எண்ணெய் நாத்தம்!"